கம்பிக்கு இந்தப் பக்கம்

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன விலை என்று
நான் யாரையும் கேட்பதில்லை.
பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால்
கம்பி வழியே நீளும் கைகளே சொல்லிவிடும்.
கூடை எழுநூறு போன நாளில்
கை நிதானமாய் வரும்,
பிராண்டைப் பெயர் சொல்லிக் கேட்கும்,
கூட்டாளிக்கும் சேர்த்து வாங்கும்.
கூடை அறுபதுக்கு விழுந்தால்
சீக்கிரமே வந்துவிடும்,
பத்துப் பத்தாய் மடங்கி வியர்த்த நோட்டுகளோடு.
"எதுவோ ஒண்ணு குடு, கம்மில."

பாட்டில் எண்ணிக்கை மட்டும்
இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான்.
மேலதிகாரியிடம் சொன்னேன்.
"அப்புறம் என்னய்யா குறை?" என்றார்.

எம்.காம். படித்தவன் நான்.
தேவை நெகிழ்ச்சி என்றொரு பாடம்.
வருமானம் இறங்கினால் வாங்குவதும் இறங்கும் என்று
ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து
பன்னிரண்டு மதிப்பெண் வாங்கினேன்.
அந்தக் கோட்டில் எங்கேயும்
திம்மராயன் இல்லை.

திம்மராயன் குவாரியில் கல்லுக்குத் துளை போடுகிறவன்.
மூக்கு வழி போன மாவு நெஞ்சில் படிகிறதாம்,
ஒரு குவார்ட்டர்தான் அதைக் கழுவுமாம்.
டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே என்றேன்.
"டாக்டரு ஒரு நாளு அந்தக் குழியில நிக்கட்டும் சார்,
சாயந்திரம் ரெண்டு பேருமா வர்றோம்."

குவாரிக்காரர் இங்கே வருவதில்லை.
அவருடைய கார் வரும்.
டிரைவர் மாதேஷ் இறங்கி
எழுதி வந்த சீட்டை நீட்டுவான்,
துணிப்பையில் சத்தம் வராமல் அடுக்கிக்கொள்வான்.
கேட்டால்,
"ஐயா ராத்திரியில கொஞ்சம் சாப்பிடுவாரு."
திம்மராயனைப் பற்றிக் கேட்டால்,
"அவனா? குடிகாரப்பய."
என் கணக்குப்படி ஐயாவுக்குத்தான்
வாரத்துக்கு ஒரு ஃபுல் கூடுதல்.
ஆனாலும் சாப்பிடுவது வேறு, குடிப்பது வேறு.
மாடியறையில் தள்ளாடினால் சுவர் தாங்கும்.
பஸ் ஸ்டாண்டில் தள்ளாடினால்
பார்க்க ஊரே இருக்கிறது.

இப்போதெல்லாம் காலி பாட்டிலுக்குப்
பத்து ரூபாய் திருப்பித் தருகிறோம்,
ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால்.
குழு லோன் கட்டும் செவ்வாய்க்கிழமைகளில்
சின்னபாப்பா வருகிறாள்,
திம்மராயன் வீட்டுக்காரி.
கம்பிக்குள் கை நீட்டமாட்டாள்.
பையை வைத்துவிட்டு நாலடி தள்ளி,
சாலையைப் பார்த்தபடி நிற்பாள்.

எண்ணினேன். பதினொன்று.
"போன வாரம் பதினாலு இருந்துச்சு" என்றாள்.
குறைந்தது நிம்மதியா,
முப்பது ரூபாய் போனது வருத்தமா,
குரலில் பிடிபடவில்லை.
"பரவாயில்லையே, கொறச்சிட்டாரே" என்றேன்.
"எங்க சார்.
குவாரிய நிறுத்தி பத்து நாளாச்சு.
கடனுக்குத் தர்ற எடத்துல குடிக்கறாரு.
அந்த பாட்டிலு வீட்டுக்கு வர்றதில்ல."

நூற்றுப்பத்தை இரண்டு முறை எண்ணி
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
வங்கிக்காரன் உட்கார்ந்திருக்கும்
மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தாள்.

பத்து மணிக்கு ஷட்டரை இறக்கி நோட்டுகளை அடுக்கினேன்.
சிலவற்றில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை,
ஒன்றில் மஞ்சள்,
ஐயாவுடையவை மட்டும் ஏ.டி.எம். மொடமொடப்பு.
கட்டுப் போட்டால் எல்லாம் ஒரே உயரம்.

அவள் கொண்டுவந்த பதினொன்றில்
ஒன்றுக்கு ஸ்டிக்கரே இல்லை.
என் சட்டைப் பையிலிருந்துதான் அந்தப் பத்து.
கணக்கில் சேராத பாட்டிலை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேசைக்கு அடியில் வைத்தேன்,
என்னுடையதற்குப் பக்கத்தில்.