பதினொரு ழு

மோல்மேன் நிலத்திலிருந்து
இனி ஒரு படி நெல்லும் வராது என்று உறுதியான பிறகு
அரு. ராம. பெத்தபெருமாள்
வட்டிக்கடைப் பலகையைக் கழற்றித்
திருப்பிப் போட்டு
வெறும் மரமாய் இருந்த முதுகில்
பதிப்பகம் என்று எழுதச் சொன்னார்.
பெயிண்டர் கேட்டான்:
என்ன பதிக்கிறீங்க, கல்லா?

கல்லுக்கட்டியில் ஒரு நெல் கிட்டங்கி.
மதுரை ஏலத்தில் எடுத்த மிதி அச்சு.
சர்க்கஸ் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துத்
தேய்ந்த எழுத்து.
அச்சுக் கோக்கத் தேவகோட்டைச் சந்தியாகு,
பிழை பார்க்க நான்.
ஒரு நாவலை எப்படி விற்பது என்று
மூவரில் யாருக்கும் தெரியாது.
அவருக்குக் கணக்கு எழுதத் தெரியும்.

எழுதியவர் மரகதவல்லி,
திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவர்.
இரவு டியூட்டியில்
காய்ச்சல் சார்ட்டுகளின் பின்பக்கம் எழுதிய
இருநூற்றுப் பன்னிரண்டு தாள்.
"எனக்கு என்ன தருவீங்க?" என்றார், உட்காராமலே.
கதைக்கு என்ன தருவது வழக்கம் என்று தெரியாமல்
தெரிந்த ஒன்றைச் செய்தார் பெத்தபெருமாள்.
பேரேட்டில் உ போட்டு
அவர் பெயருக்கு ஒரு பக்கம் திறந்து
முதல்: கதை ஒன்று
என்று எழுதினார்.
"இது உங்க டெப்பாசிட்டு. விக்க விக்க வட்டி வரும்.
முதல் எப்பவும் உங்களுது."

ஏழாவது பாரத்தில் வேலை நின்றது.
சந்தியாகு வெறும் கையை விரித்துக்கொண்டு வந்தான்.
ழு இல்லை.
பதினொன்று இருந்தது, பதினொன்றும் கோத்தாயிற்று.
அந்த எட்டுப் பக்கத்தில் அவள்
எழுந்தாள், விழுந்தாள்,
பொழுது போனது தெரியாமல்
கழுத்தில் கை வைத்து நின்றாள்,
பிறகு அழுதாள், அழுதாள், அழுதுகொண்டே இருந்தாள்.
எழுத்து என்று சொல்லவே ஒரு ழு செலவாகிற மொழியில்
இவளுக்கு எங்கே போவது?
சென்னைக்கு ஆர்டர் போட்டால் மூன்று வாரம்.
அதற்குள் கோட்டாக் காகிதத்தைக்
கரையான் படித்து முடித்துவிடும்.

தந்தி கொடுத்தோம்:
அழுகையைக் குறைக்கவும்.
தபாலாபீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து
"யாரும் தவறிட்டாங்களா" என்று கேட்டார்.

மறுநாள் பஸ் கண்டக்டர் கையில் பதில் வந்தது.
அழுத இடமெல்லாம் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
கிணற்றடிக்குப் போய் நீர் இறைத்தாள்.
ஒரு வாளி. இன்னொரு வாளி. இன்னொரு வாளி.
சந்தியாகு படித்தான். திரும்பவும் படித்தான்.
சம்பள பாக்கியைப் பற்றி
அவன் பேசாத நாள் அது ஒன்றுதான்.

ஆயிரம் பிரதி, விலை பன்னிரண்டணா.
முந்நூறு பினாங்குக் கப்பலில் போனது,
மிளகாய் மூட்டைக்கும் வடாம் டின்னுக்கும் நடுவே.
ஆறு மாதத்தில் எதிர்வீதியில்
இன்னொரு பலகை முதுகைக் காட்டியது.
அடுத்த வருஷம் இரண்டு.
ஒருவர் பஞ்சாங்கம் போட்டார், ஒருவர் ரஷ்யக் கதை.
பெத்தபெருமாள் அவர்களுக்குக்
கட்டிங் மெஷினை இரவல் கொடுத்தார்,
தேய்மானத்தைக் கணக்கில் எழுதிக்கொண்டு.

இரண்டாம் பதிப்புக்கு முன்
புது ழு நூறு வந்தது.
"இப்ப எழுத்து இருக்கு.
அழுகையைத் திரும்பப் போட்டுறலாமா?"
மரகதவல்லி வட்டிப் பணத்தை
இரண்டு தடவை எண்ணி முடித்துச் சொன்னார்:
"வேண்டாம். அவளுக்குத் தண்ணி இறைக்கவே
நேரம் சரியா இருக்கு."

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.
ஐம்பத்து மூன்றாம் பக்கம், மூன்றாவது வாளி.
தூக்கக் கலக்கத்தில் சந்தியாகு
ளி எடுக்க வேண்டிய அறையில்
ழி எடுத்திருந்தான்.
இன்னொரு வாழி.
புரூப்பில் பார்த்தேன். பேனா கையில்தான் இருந்தது.
ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாகக் கோத்தார்கள்,
ஒவ்வொரு முறையும் பழைய பிரதியைப் பார்த்தே.
ஒவ்வொரு முறையும் நானும் பார்த்தேன்.

ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் மட்டும்
அச்சுப்பிழை என்று கார்டு போட்டிருந்தார்.
பழைய பில்களைக் கட்டும்போது அது கிடைத்தது.
மூலையில் பெத்தபெருமாளின் கையெழுத்தில்
ஒரே வார்த்தை:
வரவு.