ஷட்டரின் உட்புறம்

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர்
பல்லில் பழுப்புக் கோடு போடும்.
அந்தக் கோட்டை நம்பித்தான்
கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் கடை எடுத்தேன்.
இருபது லிட்டர் கேன், முப்பத்தைந்து ரூபாய்.

இரண்டு வருடமாய் ஒரே ஒரு எண்ணைத்தான்
சாமி படத்துக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன்:
இன்று வெளியே போன கேன்.
நானூற்றுப் பன்னிரண்டு தொட்ட நாளில்
எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.
அன்றிரவு கல்லாவில் டீசல் போக மீந்தது
போண்டாக் காசைவிடக் குறைவு.
திருடன் எடுத்திருந்தால்
இத்தனை ஒழுங்காய்க் குறையாது.

கடையைப் பூட்டி உள்ளேயே உட்கார்ந்து
ஷட்டரின் உட்புறம் சாக்பீஸால் கோடு இழுத்தேன்.
போனது. வந்தது. உடைந்தது. டீசல்.
இரண்டாவது கட்டத்தில் கை நின்றது.
காலிக் கேனை யார் எண்ணுவார்?

ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது மண்டபம்.
முகூர்த்தத்துக்கு நூற்றிருபது கேன் எடுக்கும் மண்டபம்,
மேனேஜரை நான் எழுந்து நின்று
போனில் பேசும் மண்டபம்.
போனது நூற்றிருபது. வந்தது தொண்ணூற்றேழு.
ஒரு கேனில் எனக்கு நிற்பது ஆறு ரூபாய்.
புதுக் கேன் நூற்றறுபது.
தொலைந்த ஒன்று
இருபத்தாறு கேனின் லாபத்தைக் குடித்துவிட்டு
இருபத்தேழாவதிலும் வாய் வைக்கிறது.
ஊர்பேர் தெரியாதவர்களின் கல்யாணத்துக்கு
மாதம் மூன்று முறை
நான் மொய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேனுக்கு நூற்றைம்பது முன்பணம் கேட்டேன்.
"பழையபேட்டையில சும்மாவே தர்றான்மா" என்றார்.
தரட்டும்.

அந்த ஜோரில் அடுத்த தப்புக்குப் போனேன்.
மணிக்கு எத்தனை கேன் என்று ஐந்தாவது கட்டம்.
அஸ்லம் நாற்பத்தொன்று. சென்றாயன் இருபத்திநான்கு.
மூன்று வாரமும் அப்படியே.
சென்றாயனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட
மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு
சனிக்கிழமை அவனோடு சின்ன யானையில் ஏறினேன்.
கட்டிகானப்பள்ளி. மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
அடுத்ததும் மூன்றாம் மாடி.
அஸ்லம் லைனோ முழுக்கத் தரைத்தளக் கடைகள்,
வண்டியிலிருந்தே உருட்டிவிடலாம்.
தோளில் ஏற்றும்போது சென்றாயன்
மூடியின் பக்கம் ஒரு விரல் கொடுத்து ஏந்துகிறான்.
அவன் பெயருக்கு நேரே 'உடைந்தது' கட்டம்
ஏன் வெறுமையாய்க் கிடந்தது என்று
அப்போதுதான் பார்த்தேன்,
இரண்டாம் மாடியிலேயே, வெறுங்கையோடு,
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி.

அன்றிரவு ஆறாவது கட்டம்: படி.
அதைச் சேர்த்ததும் இரண்டு பெயரும் இடம் மாறின.
மாடிக்குக் கேனுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்றேன்,
அதில் மூன்று ஏறுகிறவனுக்கு.
பதினொரு வீடு முணுமுணுத்தது. இரண்டு வீடு நின்றது.

இப்போது தினம் முன்னூற்று நாற்பதுதான்.
"என்னம்மா, வியாபாரம் டல்லா?" என்கிறார்
எதிர்ப் பஞ்சர் கடைக்காரர்.
வட்டிக்கு வாங்காமல் மாற்றிய முதல் டயரில்
வண்டி அவரைத் தாண்டிப் போகிறது.

ஒன்றுதான் இன்னும் தொந்தரவு செய்கிறது.
லண்டன்பேட்டையில் ஒரு வீடு. வாரம் நான்கு கேன்.
ஆடியில் இரண்டானது. இப்போது ஒன்று.
வேறு கம்பெனிக்காரன் புகுந்துவிட்டான் என்று
விலையைக் குறைத்துச் சொல்லி அனுப்பினேன்.
சென்றாயன் திரும்பி வந்தான்.
"வேற கேன் எதுவும் இல்லக்கா.
ரெண்டு பசங்களும் பெங்களூரு போயிட்டாங்களாம்.
அந்தம்மா மட்டும்தான்.
ஒண்ணே போதும்னாங்க."
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஒன்று என்றே எழுதினேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது
எண்கள் சுருண்டு மேலே போய்விடுகின்றன.
உள்ளே உரசி உரசி
நேற்றைய ஏழு
முந்தாநாள் மூன்றின் மேல் ஒட்டிக்கொள்கிறது.
ஒரு நோட்டு வாங்க வேண்டும்.