எழுத்துக்கு இரண்டு பென்னி

எசெக்ஸ் கரையில், சேறு எங்கே முடிந்து
கடல் எங்கே தொடங்குகிறதென்று
யாரும் சத்தியம் செய்யாத இடத்தில்
கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறேன்.
எழுத்துக்கு இரண்டு பென்னி.
இடைவெளிக்குக் காசில்லை.
புள்ளிக்கு அரை பென்னி,
அதையும் விதவைகளிடம் வாங்குவதில்லை.

தாமசின் ப்ரூவெட் வந்தாள்.
படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.
கொழுந்தன் கரியால் எழுதிக் கொடுத்த தாளில்
எழுத்துக்கு ஒரு சிப்பி வைத்துப் பார்த்து
அத்தனையையும் கூடையில் அள்ளி வந்திருந்தாள்.
அறுபத்து நான்கு.
பத்து ஷில்லிங் எட்டு பென்னி,
சில்லறை சுத்தமாக, துணி முடிச்சில்.

அந்த நேரம் பார்த்து
பாதிரியார் லாத்பரி உள்ளே நுழைந்தார்.
கேம்பிரிட்ஜிலிருந்து வந்து நாலு மாதம்;
பொய்முடியில் இன்னும் பவுடர் உதிர்கிறது.
‘தீவின் படகோட்டி ஜேபஸ்’ என்ற வரியில்
விரல் நகத்தை நிறுத்தினார்.
"ஐலண்டில் எஸ் எங்கே?"

"ஐலண்ட் என்றுதானே சொல்கிறோம் ஐயா?"

"லத்தீனில் இன்சுலா. அதன் மிச்சம் அந்த எஸ்.
உச்சரிக்கக் கூடாது.
ஆனால் இருந்தாக வேண்டும்."

கோயிலில் கடைசி பெஞ்சுக்காரர்களைப் பற்றியும்
அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.

எனக்கொன்றும் இது புதிதில்லை.
என் அப்பாவின் நோட்டில் கடனுக்கு பி கிடையாது.
என் நோட்டில் இருக்கிறது.
பி வந்ததால் கடன் ஒரு காசு குறையவில்லை,
மைச்செலவுதான் கூடியது.
கத்தரிக்கோலுக்குள் ஒரு சி; நூல் வெட்டவும் உதவாது.
வுட்டும் ஷுட்டும் எல் வைத்திருக்கின்றனவென்று
பக்கத்து வீட்டைப் பார்த்துத் தொப்பி வாங்கியவன்போல்
குட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறது.

தாமசின் விடவில்லை.
"முப்பது வருஷம் அங்கே துடுப்புப் போட்டவர்.
அலைக்கு மேலே கத்தும்போதுகூட
அந்த எழுத்து அவர் வாயில் வந்ததில்லை.
வராததுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?"

"நானே சும்மா வெட்டித் தருகிறேன்" என்றேன்.

"ஓசி எழுத்து அவருக்கு வேண்டாம்."

பாதிரியார் தொண்டையைச் செருமினார்.
வெளியே வாத்துகள்.
அவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
என்னிடம் மட்டும் கேட்டாள்:
"சத்தம் போடாது. ஆனா இடம் பிடிச்சுக்கும்.
அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்.

மார்ச் மாதத்து வற்றுநீர் ஜேபஸைக் கொண்டுபோனது.
இடது பூட்ஸ் மட்டும் கரைக்கு வந்தது.
நான் நடப்போகும் கல்லுக்கடியில்
புல்லும் களிமண்ணும்தான்;
மெய் இல்லை.

கூடையில் சிப்பி மிச்சமில்லை.
பைக்குள் துழாவி ஒரு கொம்புப் பொத்தானை எடுத்து
மேசையில் வைத்தாள்.
ஆண்பிள்ளைக் கோட்டுப் பொத்தான்.
"அறுபத்தஞ்சு.
ரெண்டு பென்னி சனிக்கிழமை தர்றேன்."

உளிக்கு நேர்கோடு பிடிக்கும்.
எஸ் முழுக்க வளைவு.
சத்தமில்லாத அந்த ஒன்றை வெட்டும்போதுதான்
பட்டறை அதிகம் அதிர்ந்தது.

பத்து வருஷம் கழித்து
லாத்பரி போய் வேறொருவர் வந்தார்;
பழைய சாக்ஸன் ஏடுகளில் பூச்சியாய்க் கிடப்பவர்.
கல்லின் முன் குனிந்து சிரித்தார்.
"இந்த எஸ் பொய்.
இது நம் மண்ணின் சொல்; நீர்சூழ் நிலம்.
இன்சுலாவுக்கும் இதற்கும்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
எடுத்துவிட முடியுமா?"

"சேர்க்கலாம் ஐயா. எடுத்தால் பள்ளம்தான் மிஞ்சும்."

அதற்குள் வரைபடத்தில் இருந்தது,
பள்ளிப் பலகையில் இருந்தது,
கொழுந்தனே புதுப் படகில்
எஸ் போட்டு எழுதியிருந்தான்.

தாமசின் சில நாள் வருவாள்.
படிக்கத் தெரியாத விரல்
வரியின் மேலே ஊர்ந்து போய்
அந்த வளைவு வந்ததும் நின்றுவிடும்.

இரண்டு பென்னி வரவில்லை.
நானும் கேட்கவில்லை.
பொத்தான் உளிப்பெட்டியில் இருக்கிறது.
நோட்டில் அவள் பெயருக்கு நேரே
கடன் என்று எழுதி வைத்திருக்கிறேன்,
பி போட்டுத்தான்.