மோதிரவிரல்

காலை எட்டே கால்.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, இரண்டாம் தியேட்டர்.
குருநகர் சவிரிமுத்து, அறுபத்தொரு வயது,
பெருங்குடலில் ஒரு கட்டி.

சுட்டுவிரலில் உறையை மாட்டினேன், திரை வெறுமை.
நடுவிரலிலும் அப்படியே.
நாற்பது வருடம் தங்கூசி அறுத்த தோல்
உள்ளே ஓடுவதை
வெளிச்சத்துக்குச் சொல்ல மறுத்தது.
மோதிரவிரலில் மட்டும் அலை எழும்பியது.
மோதிரத்தை முதல்நாளிரவே சவுக்காரம் போட்டுக் கழற்றி
மனுசி கொண்டுபோய்விட்டா.
அது கிடந்த இடம் வெயில் தெரியாத வெள்ளை.
அதற்கு ஒரு கணு தள்ளி உறை.

நாடிக்குள் குழாய் இல்லை, ஊசி இல்லை.
துடிப்புக்கு ஓர் இலக்கம்.
இலக்கத்தைப் பார்த்துப் பம்ப் தானே
மருந்தைக் கூட்டும், குறைக்கும்.
எழுபத்தைந்தில் வைத்திரு என்று
ஒருதரம் சொன்னால் போதும்.

முந்தி, கைப்பட்டி மூன்று நிமிடத்துக்கு ஒருக்கா புடைக்கும்.
இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் நடந்தது
எவருக்கும் தெரியாது.
ஊகித்தேன். ஊகத்தை ஊசியில் ஏற்றினேன்.

இன்றைக்கு என் கைகள் சும்மா.
சும்மா இருக்கிற கையை எங்கே வைப்பதென்று
பதினெட்டு வருடத்தில் ஆரும் படிப்பிக்கவில்லை.
ஆஸ்பத்திரி வீதியில் மினிபஸ்காரன்
பருத்தித்துறை பருத்தித்துறை என்று கூப்பிடுவது கேட்டது.
மிஸி கெங்காதேவி சொன்னா:
"டொக்டர், தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோவன்."
போகவில்லை.

குடலைத் தூக்கினார்கள். எழுபத்தைந்து அறுபத்தெட்டானது.
நான் நிமிருமுன்னமே பம்ப் கொஞ்சம் கூட்டித்
திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.
பொறாமை என்று சொன்னால் பிழையில்லை.

பதினொன்று பத்துக்கு நடந்தது வேறு.
நாற்பத்தொன்று.
பம்ப் அவதிப்பட்டு ஓடத் தொடங்கியது.
நான் கழுத்தில் இரண்டு விரல் வைத்தேன்.
மீன் பிடித்த தங்கூசி மாதிரி
நாடி நல்ல பலத்தோடு சுண்டியது.
பம்பை நிறுத்திப் பச்சைத்துணியை விலக்கினேன்:
இரவு முழுக்க வார்டில் நின்ற இன்டேர்ன் பொடியன்
கொக்கியைப் பிடித்தபடி
அந்தக் கையின்மேல் சாய்ந்திருந்தான்.
"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லும்."
மூன்று துடிப்பு.
எண்பத்தொன்பது, எண்பத்தாறு, எண்பத்திரண்டு.

படிவத்தில், மனிதத் தலையீடு என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
காரணத்துக்கு விட்டிருந்தது அரை வரி.

பின்னேரம் வார்டில்
நாக்குத் தடித்தபடி சவிரிமுத்து கேட்டார்:
"ஆர் என்ரை விரலைப் பிடிச்சுக்கொண்டிருந்தது?
விடவேயில்லை."

கால்மாட்டில் மனுசி
லேஞ்சி முடிச்சை அவிழ்த்து
மோதிரத்தை எடுத்தா.

"இண்டைக்குப் போடாதேங்கோ," என்றேன்,
"விரல் வீங்கியிருக்கு."
மற்றக் கேள்விக்கு மறுமொழி சொல்லவில்லை.