உப்புச் சுவர்

மூன்று நாளாய்க் காணோம்
கொம்பு முறிந்த ஆட்டை.
ஓநாய் என்றான் மைத்துனன் லோட்ரோ.
ஓநாய் என்றால் ரோமமாவது மிஞ்சும்.

மேலே ஏறினேன்.
களிமண் மலை எங்கே முடிந்து
களிமண் அரண்மனை எங்கே தொடங்குகிறது என்று
இங்கே ஒருவருக்கும் தெரியாது.

கீழ்வாசலில் ரிக்சால் சீட்டுக் கேட்டான்.
போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவன்,
சட்டைப் பொத்தான்கள் இன்னும் மினுங்குகின்றன.
"ஆட்டுக்குக் கொடுத்தாயா?" என்றேன்.
விட்டுவிட்டான்.

குகைகள். குகைக் கூரைகளில் கரி,
எவளோ சாணி வறட்டி மூட்டிச் சமைத்த கரி.
ஒன்றில் அம்புக் குச்சிகள், கட்டுக்கட்டாய்,
இறகு வைக்காதவை.
எதிரி முந்திவிட்டான் போலும்,
அல்லது இறகு விற்பவன் பிந்திவிட்டான்.

சுரங்கப் படியில் கையூன்றித் தவழ்ந்து
உச்சிக் கூடத்துக்குள் தலையை நீட்டினால்
மூன்று உத்தரங்கள், காற்று,
அரியணை இருந்த மேட்டில்
காய்ந்த புழுக்கை.

அங்கே நின்றது அது
சுவரை நக்கிக்கொண்டு.

சுவரில் வரிசையாய் ஆட்கள்.
முதுகில் மூட்டை, கையில் தார்க்குச்சி,
செம்மறிகளின் இருபுறமும் சின்னச் சின்னப் பைகள்:
வடக்கு ஏரிகளிலிருந்து
அரசனுக்கு உப்பு வரி கொண்டுவருகிறவர்கள்.
வரைந்தவனுக்கு முகம் சலித்திருக்க வேண்டும்,
எல்லோருக்கும் ஒரே மூக்கு.
முழங்காலுக்குக் கீழே
ஒருவருக்கும் கால் இல்லை.
ஆட்டுக்கு எட்டும் உயரம்வரை
சுவர் வெறும் மண்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.

பத்துப் பைக்கு ஒரு பை எடுத்தானாம் அரசன்.
இப்போது கிழட்டு ஆடு ஒன்று வசூலிக்கிறது
ரசீது இல்லாமல்.
தின்ற உப்புக்கு அது யாரை நினைக்க வேண்டும்?
அவனையா, சுவரையா,
காலில்லாமல் இன்னும் நடந்துகொண்டிருக்கும்
இவர்களையா?

கயிறு போட்டேன்.
நாலு குளம்பையும் ஊன்றி மறுத்தது.
வயிற்றில் முட்டினேன், கெஞ்சினேன்,
கடைசியில் சட்டைப்பையில் இருந்த
பார்லி மாவு உருண்டையைக் காட்டி
ஒவ்வொரு படியாய் ஏமாற்றி இறக்கினேன்.

வாசலில் ரிக்சால்
ஆட்டின் தாடியைப் பார்த்தான்.
நீலம்.
என் சட்டைக் கையால் துடைத்தேன், போகவில்லை.
அவன் பேரேட்டைத் திறந்தான்.
பேனாவை உதறினான், குளிரில் மை இறங்கவில்லை.

"எவ்வளவு தின்றது?"

"கால்களை மட்டும்" என்றேன்.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே
நான் நடந்துவிட்டேன்.
இன்னும் பதினாறு ஆடு கறக்க வேண்டும்,
ஆற்றின் அக்கரையில்
வெயில் ஏற்கெனவே போய்விட்டது.