நிகர எடை

மதுரைக்குள் இந்த வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது.
பழைய டெம்போ டிராவலர். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக்
கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தது.
அதன் நீளத்தைப் பார்த்ததுமே
போ போ என்று கையை ஆட்டிவிடுகிறார்கள்.
இரவைக் காரைக்குடிப் பக்கம் கழித்துவிட்டு
விடியுமுன் கிளம்பலாம் என்றாள் குமுதவல்லி.
என் நாத்தனார்.
ஓட்டுவது அவள். வழி சொல்வதும் பயப்படுவதும் நான்.

கானாடுகாத்தானில் ஒரு மாளிகையின் மதிலை ஒட்டி நிறுத்தினோம்.
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற மதில்.
உள்ளே ஒருவரும் இல்லை என்பது
ஒன்பது மணிக்கு மேல் நன்றாகவே கேட்டது.
யாரும் இல்லாத இடம் பத்திரமா,
யாராவது இருக்கும் இடம் பத்திரமா?
முடிவு செய்வதற்குள்
அதே பைக் மூன்றாவது முறை கடந்தது.
குமுதவல்லி சாவியைத் திருகினாள்.

பள்ளத்தூர் பங்கில் பத்தரைக்கு விளக்கை அணைப்பார்களாம்.
ஊருணிக் கரையில் நல்ல காற்று,
சக்கரத்துக்கு அடியில் நொறுங்கும் பாட்டில்கள்.
பிள்ளையார்பட்டியில் காவல்காரர் நல்ல மனிதர்தான்:
"சங்கிலி போட்டுட்டா காலைலதான் திறப்பேன்,
நடுவுல வயித்தைக் கலக்குச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர்.
லொகேஷன் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.
"அங்க ஒண்ணுமே இல்லையே, பொட்டலா இருக்கே?"
"ஒண்ணும் இல்லாம இல்ல, நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."
அவர் சிரிக்கவில்லை.

குன்றக்குடி சாலையில்
தைலமரக் காடு முடிகிற இடத்தில் ஒரு குழல்விளக்கு.
எடைமேடை. இரவும் பகலும் உண்டு.
கண்ணாடிக் கூண்டுக்குள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்.
"லோடா, காலியா?" என்றது ஒலிபெருக்கி.
"தூங்கணும்" என்றேன்.

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது.
"உள்ள ஆம்பள யாரும் இருக்காங்களா?"

வந்து பார்த்தாள். டார்ச்சைக் கட்டிலுக்கடியிலும் விட்டாள்.
எங்கள் நம்பர் பலகையை அவள் படமெடுத்தாள்,
அவள் பெயர்ப்பலகையை நான்.
இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் மின்னின.

"எடை போட்டாத்தான் பில்லு.
பில்லு இருந்தாத்தான் நீங்க இங்க நிக்கலாம்."
அறுபது ரூபாய்.
ஏறி உட்கார்ந்து ஒரு தடவை, இறங்கி நின்று ஒரு தடவை.
"பொருள்னு என்ன போட?"
"வீடு" என்றாள் குமுதவல்லி.
அந்தப் பெண் 'இதர' என்று அடித்தாள்.

மொத்தம் 3140.
வெற்று எடை 3010.
நிகர எடை 130.
ஆக வீடு கணக்கில் சேரவில்லை,
சரக்கு நாங்கள்தான்.

கூண்டுக்குப் பின்னால், கேமராவுக்கு முன்னால் நிறுத்தினோம்.
இரவெல்லாம் மரக்கட்டை லாரிகள்.
இரும்புத் தகட்டில் ஒவ்வொன்றும் இடிபோல் ஏறி இறங்க
நாங்கள் அசந்து தூங்கினோம்.
லாரி வராத இடைவெளியில்தான் விழிப்பு வந்தது.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன்.
கூண்டின் கதவை உள்ளே தாழிட்டு
அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
அவள் மடியில் டயர் கழற்றும் கம்பி.
கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த திரையில்
எங்கள் வண்டி.

எனக்கு இது தோன்றவே இல்லை.
மாலையிலிருந்து இந்த ஊர்களை எல்லாம்
நாங்கள் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தோம்,
நள்ளிரவில் வந்து 'தூங்கணும்' என்று சொன்னதும் நாங்கள்தான்.

கேமராவைப் பார்த்துக் கையசைத்தேன்.
திரையில் என் கை அசைவதை அவள் பார்த்திருக்க வேண்டும்.
மெதுவாக, அடிக்குரலில், ஒலிபெருக்கி:
"தூங்குங்க. நான் முழிச்சுத்தான் இருக்கேன்."

வாக்குறுதியா, எச்சரிக்கையா?
எதுவோ, போர்வையை இழுத்ததும் கண் சொருகிவிட்டது.

திருப்பத்தூர் தாண்டித்தான்
சீட்டின் அடியில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன்.
இயக்குபவர்: ம. சகாயராணி.
நேரம் இரவு 11.52.
பொருளின் பாதுகாப்புக்கு மேடை பொறுப்பல்ல.