ஏழு நிமிடம்

அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
பதவியை நீங்களே நிரப்பித் தாங்கோ அக்கா,
என்றான் மாணவர் சங்கச் செயலாளர்.

நான் சீனன்குடாவில் எடைப்பாலத்தில் இருக்கிறேன்.
லொறி வெறுமையாய் ஏறும், ஒரு எண்.
நிறைந்து ஏறும், இன்னொரு எண்.
இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் மா.
இதற்கு நான்கு வருடம் தொடர்பாடல் படித்தேன்.
கோட்டில் "செயற்பாடுகள்" என்று எழுதிக் கொடுத்தேன்.
பொய்யும் இல்லை.

கோணேசபுரி மண்டபத்தில் மூன்றாவது மின்விசிறி
அப்போதும் சுற்றியதில்லை.
எனக்கு முன் பேசியவர் கொழும்பில் வங்கி முகாமையாளர்.
உங்களை நீங்களே விற்கத் தெரியவேணும் என்றார்.
ஒலிவாங்கி கீச்சிட்டது.
எனக்கு ஏழு நிமிடம்.
கையில் மூன்று அறிவுரை எழுதிய தாள்.

அதை மடித்துவிட்டு மானைப் பற்றிச் சொன்னேன்.

பட்டம் வாங்கிய கிழமை
சான்றிதழைப் பதினைந்து பிரதி எடுத்தேன்.
பஸ் நிலையத்துக்கு வெளியே மழை பிடித்தது.
பையைக் கீழே வைத்துக் குடை விரித்துத் திரும்பினால்
ஒரு புள்ளிமான்,
நகரத்து மான், ஆளுக்கும் ஓட்டோவுக்கும் ஒதுங்காத மான்,
என் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவை
நிதானமாய் மென்றுகொண்டு நின்றது.
அந்த வருடம் என் சான்றிதழை
முழுதாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.
பிறகு பந்தலைச் சொன்னேன்:
ஆளுநர் அலுவலகத்துக்கு எதிரே நூற்றுப் பதினொரு நாள்,
வேலை கேட்டுக் குந்தியிருந்த தார்ப்பாய்.
யார் வந்தது, யார் வரவில்லை என்று
பஸ்மிலா அங்கே ஒரு கொப்பி வைத்திருந்தாள்.
இப்போது டோஹாவில் ஒரு ஆஸ்பத்திரியில்
அதே வேலை, குளிரூட்டியோடு.
நிரோஜினிக்கு நியமனம் வந்தது.
மூதூரில் நாலு அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு ஒரு மேசை,
கதிரை முறை வைத்து.
கணினி படித்த சுகிர்தன் நிலாவெளியில் திமிங்கிலம் காட்டுகிறான்.
திமிங்கிலம் வராத நாளில்
காசைத் திருப்பிக் கேட்கும் வெள்ளைக்காரரிடம்
அவன் பேசும் ஆங்கிலம்
வகுப்பில் ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை.

கவிராஜை எங்களுக்குத் தெரியாது.
அவனுடைய இலக்கத்துக்கு எடுத்தால்
கந்தளாயில் ஒரு பெண் எடுக்கிறாள்.
பிழையான இலக்கம் என்று
சிங்களத்தில், மிகவும் மரியாதையாக.
வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.
அவளுக்கு என் குரல் பழகிவிட்டது.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில் ஒருத்தி எழும்பினாள்.
லிந்துலைப் பிள்ளை.
"சம்பளம் எவ்வளவுக்கா?"

விரிவுரையாளர் இருமினார்.
வங்கிக்காரர் போனைப் பார்த்தார்.

ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு, என்றேன், கையில் வருவது.
அறை வாடகை பன்னிரண்டு. வீட்டுக்கு இருபது.
தம்பியின் மோட்டார் சைக்கிள் தவணை ஒன்பது.
இரவு முறை செய்தால் கொஞ்சம் கூட.
முதல் வருடம் இருபத்தேழு.
அந்த நேர்முகத்தில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று
அவர்கள் கேட்டு முடிக்குமுன்னே
நானாகவே குறைத்துச் சொன்னேன்.

அப்போதுதான் பேனைகள் அசைந்தன.
மண்டபம் முழுக்க.
ஏழு நிமிடம் முடிந்து பதினான்காகியும்
யாரும் மணி அடிக்கவில்லை.

கண்ணாடியில் ஒரு நினைவுச்சின்னம் தந்தார்கள்,
பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.
மறுநாள் லொறி இல்லாத இடைவெளியில்
அதைக் கொண்டுபோய்ப் பாலத்தின் நடுவில் வைத்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் அது காட்டாது.
தெரிந்துதான் வைத்தேன்.
சுழியம்.

குனிந்து எடுக்கும்போது போன் அதிர்ந்தது.
லிந்துலைப் பிள்ளை.
"அக்கா, குறைச்சுச் சொல்லாம இருந்திருந்தா
எவ்வளவு கேட்டிருப்பீங்க?"

எண்ணைத் தட்டினேன். அழித்தேன்.
கொஞ்சம் கூட்டித் தட்டினேன்.
வாசலில் ஹோர்ன் அடித்தது,
வெறும் லொறி.